வலியின்றி, நிரந்தரமாக: தேவையற்ற முடியை நீக்கும் முறைகளின் வரலாறு

முகத்திலும் உடலிலும் வேண்டாத இடங்களில் வளரும் முடியை அகற்றும் பழக்கம் மிகத் தொன்மையானது. சவரக்கத்தி, இடுக்கி, நூல், சர்க்கரைப் பாகு, மெழுகு, சுண்ணாம்புக் குழம்பு, மின்னூசி, எக்ஸ் கதிர், தாலியக் களிம்பு, லேசர் எனக் காலந்தோறும் முறைகள் மாறி வந்துள்ளன. இவற்றை ஒப்பிடும்போது விலையும் வசதியும் முதலில் கண்ணில் படும். ஆனால் உண்மையான வேறுபாடு இரண்டில்தான் இருக்கிறது: ஒரு முறை முடியின் எந்த ஆழம் வரை செல்கிறது, அந்த ஆழத்தை அடையத் தோல் என்ன விலை கொடுக்கிறது. வலியும் இருக்காது, முடியும் மீண்டும் வளராது என்று இரண்டையும் சேர்த்து வாக்களித்த முறைகள் 20ஆம் நூற்றாண்டில் பல பெண்களின் உடல்நலத்தைக் கெடுத்தன. அந்த வரலாறு தெரியாமல் இன்றைய லேசர் விளம்பரத்தில் உள்ள சொற்களைச் சரியாகப் படிக்க முடியாது.

முடியும் மயிர்க்காலும்

தோலுக்கு மேலே தெரியும் முடி உயிரற்ற கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில் உள்ள மயிர்க்கால். முடியைப் பிடுங்கினாலும் மயிர்க்கால் உள்ளேயே நிற்கும். அதிலிருந்து புது முடி முளைக்கும். ஒவ்வொரு மயிர்க்காலும் வளர்நிலை, சுருங்குநிலை, ஓய்வுநிலை என மாறி மாறிச் செல்கிறது. தலையில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது முடிகள் ஒரே நேரத்தில் வளர்நிலையில் இருக்கும். கை கால்களில் நிலைமை தலைகீழ். பெரும்பாலான மயிர்க்கால்கள் ஓய்வில் இருக்கும். வேரை அழிக்கும் எந்த முறையையும் ஒரே நாளில் முடித்துவிட முடியாததற்கு இதுவே காரணம். இன்று அழிக்கப்பட்டவை இன்று விழித்திருந்த மயிர்க்கால்கள் மட்டுமே.

கத்தி, நூல், குழம்பு

பண்டைய எகிப்தியக் கல்லறைகளில் செம்பு, வெண்கலச் சவரக்கத்திகள் கிடைத்துள்ளன. எகிப்தியப் பூசாரிகள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் உடல் முழுவதையும் மழித்துக்கொண்டனர் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு பதிவு செய்துள்ளார். உரோமையில் மழிப்பதைவிடப் பிடுங்குவது பெருவழக்காக இருந்தது. பொதுக் குளியலகங்களில் அதற்கென்றே தொழிலாளர்கள் இருந்தனர். தத்துவவாதி செனெகா ஒரு குளியலகத்துக்கு மேலே குடியிருந்தபோது எழுதிய கடிதத்தில், முடி பிடுங்குபவர் கீச்சுக் குரலில் ஓயாமல் கூவி வாடிக்கையாளரை அழைப்பார் என்றும், அவர் வாய் மூடும் நேரத்தில் அக்குள் முடி பறிக்கப்படுபவர் அலறுவார் என்றும் புலம்பியுள்ளார்.

ஈரானிலும் இந்தியாவிலும் நெடுங்காலமாக வழங்கும் நூல் முறை (இன்று அழகு நிலையங்களில் திரெடிங்) இதே பிடுங்கலின் நுணுக்கமான வடிவம். முறுக்கிய பருத்தி நூல் ஒரு வரிசை முடிகளை ஒன்றாகக் கவ்வி இழுக்கிறது. மேற்கு ஆசியாவின் சர்க்கரை, எலுமிச்சைப் பாகும், இன்றைய வாக்சிங்கும் பெரும் பரப்பில் அதையே செய்கின்றன. இவை அனைத்திலும் பலன் சில வாரங்கள் நிற்கும். முடி உள்நோக்கி வளர்ந்து கொப்புளம் ஏற்படுவது பொதுவான தொல்லை. மயிர்க்காலுக்குப் பெரிய கேடு இல்லை. அதனாலேயே முடி திரும்பி வருகிறது.

தமிழ்நாட்டில் பெண் குழந்தைகளுக்குப் பூசப்படும் கஸ்தூரி மஞ்சளையும் இங்கே குறிப்பிட வேண்டும். தேய்த்துக் கழுவும்போது மெல்லிய பூனைமுடிகள் ஓரளவு உதிரலாம். முதிர்ந்த கரு முடியின் வேரை மஞ்சள் அழிக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

வேதிப்பொருளால் முடியைக் கரைக்கும் முறையும் பழையதே. சுசுருத சம்ஹிதை, மயிர் அடர்ந்த இடத்தில் உள்ள புண் எளிதில் ஆறாது என்று கூறி, கத்தியாலும் இடுக்கியாலும் அதை நீக்கச் சொல்கிறது. அடுத்து ஒரு குழம்பையும் தருகிறது: சங்குப்பொடி இரண்டு பங்கு, அரிதாரம் ஒரு பங்கு, புளித்த காடியில் அரைத்தது. சங்கைச் சுட்டால் கிடைப்பது சுண்ணாம்பு. அரிதாரம் என்பது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமம். கூத்துக் கலைஞர்கள் முகத்துக்குப் பூசிய மஞ்சள் வண்ணம் அதுவே. ஒப்பனைக்கே 'அரிதாரம் பூசுதல்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. துருக்கியக் குளியலகங்களிலும் இதே சேர்க்கை 'ருஸ்மா' என்ற பெயரில் புழங்கியது. 16ஆம் நூற்றாண்டில் அங்கு சென்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் பெலோன் அதைப் பற்றி எழுதியுள்ளார். பழைய செய்முறைகளில் குழம்பின் பதம் பார்க்க ஓர் இறகை அதில் தோய்ப்பார்கள். தூவி கழன்று தண்டு மட்டும் மிஞ்சினால் குழம்பு தயார்.

இறகும் கெரட்டினே என்பதால் அது நல்ல சோதனைதான். கெரட்டின் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் இறுகக் கட்டி வைத்துள்ளன. சுண்ணாம்பின் காரமும் அரிதாரத்தின் கந்தகமும் சேர்ந்து அந்தப் பிணைப்புகளை உடைக்க, முடி கூழாகிறது. வாணியம்பாடி, ஆம்பூர் தோல் தொழிற்கூடங்களில் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கொண்டு தோலிலிருந்து மயிரை நீக்குவதும் இதே வேதியியல். இன்றைய முடி நீக்கும் கிரீம்களில் ஆர்சனிக் இல்லை. 1930களில் உருவான தயோகிளைகோலேட் உப்புகள் அதன் இடத்தைப் பிடித்தன. தோலின் மேலடுக்கும் கெரட்டினால் ஆனது என்பது மட்டும் மாறவில்லை. குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் நிமிடக் கணக்கைத் தாண்டினால் கிரீம் தோலையும் கரைக்கத் தொடங்கும்.

மழித்தலைப் பெண்களுக்கான சந்தையாக மாற்றியது அமெரிக்கா. கிங் கேம்ப் ஜில்லெட் 1903இல் விற்ற முதல் பாதுகாப்புச் சவரக் கருவிகள் 51 மட்டுமே. அடுத்த ஆண்டில் விற்பனை 90,000ஐ எட்டியது. 1915இல் பெண்களுக்கென்று தனிக் கருவி வந்தது. கையில்லாச் சட்டை புதிய பாணியாகிவந்த காலம் அது. விளம்பரங்கள் அக்குள் முடியை முதலில் ஒரு குறையாகக் காட்டின. பின்னர் அதற்கான தீர்வை விற்றன.

மழித்தால் முடி தடித்து வளரும் என்ற நம்பிக்கை இன்றும் வீடுகளில் உயிருடன் உள்ளது. செயின்ட் லூயிஸ் நகரின் உடற்கூற்றியலாளர் மில்ட்ரெட் ட்ராட்டர் 1928இலேயே அளந்து பார்த்து அது பொய் என்று காட்டினார். வெட்டப்பட்ட முடியின் நுனி கூராக இல்லாமல் மொட்டையாக இருப்பதால்தான் சொரசொரப்பாகத் தோன்றுகிறது.

மின்னூசி

நிரந்தரமாக வேரை அழிக்கும் முதல் முறை அழகுக்காகத் தோன்றவில்லை. அதே செயின்ட் லூயிஸ் நகரில் சார்லஸ் மிஷெல் என்ற கண் மருத்துவர், இமை மயிர் உட்புறம் திரும்பி விழியை உரசும் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து வந்தார். இடுக்கியால் பிடுங்கிய மயிர் சில வாரங்களில் மீண்டும் முளைத்து விழியைக் கீறும். தொடர்ந்து கீறினால் பார்வையே போகலாம். அவர் மெல்லிய ஊசியை மின்கலத்தின் எதிர்முனையில் இணைத்து மயிர்க்காலுக்குள் செலுத்தினார். மின்னோட்டம் திசுவில் உள்ள உப்புநீரைப் பிரித்து, அங்கேயே சிறிதளவு சோடியம் ஐதராக்சைடை உண்டாக்கியது. அந்தக் காரம் வேரைக் கரைத்தது. அந்த மயிர் மீண்டும் வளரவில்லை. 1875இல் அவர் இதை வெளியிட்டார். சில ஆண்டுகளில் அவ்வூர்த் தோல் மருத்துவர் வில்லியம் ஹார்டவே பெண்களின் முகமுடிக்கு அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்.

முறை வென்றது, ஆனால் பொறுமையைச் சோதித்தது. ஒரு நேரத்தில் ஒரு முடி. ஊசி சற்று விலகினால் வேர் தப்பிவிடும். அதிக நேரம் நின்றால் வடு. தாடையில் அடர்ந்த முடி உள்ள ஒரு பெண் வாரந்தோறும் ஓராண்டுக்கும் மேலாக வர வேண்டியிருந்தது. இந்த வேகக் குறைவைத் தீர்க்கப் பலர் முயன்றனர். 1916இல் பால் க்ரீ பல ஊசிகளை ஒரே நேரத்தில் செலுத்தும் கருவியை உருவாக்கினார். பிரான்சின் லியோன் நகரில் ஹென்றி போர்டியே 1920களில் உயர் அதிர்வெண் மின்னோட்டத்தின் வெப்பத்தால் வேரைச் சுட்டார். இவ்விரண்டு முறைகளையும் இணைத்த கருவிக்கு ஹென்றி செயின்ட் பியர், ஆர்தர் ஹிங்கல் ஆகியோர் 1948இல் காப்புரிமை பெற்றனர். இவ்வளவுக்குப் பிறகும் ஒரு ஊசி, ஒரு முடி என்ற அடிப்படை மாறவில்லை. வலியும் போகவில்லை.

அந்த மெதுவான ஊசியின் முன் அமர்ந்திருந்த பெண்களுக்குத்தான் புதிய கதிர் அற்புதமாகத் தோன்றியது.

கதிரின் காலம்

1895 நவம்பரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் டேனியல், உடன் பணியாற்றியவரின் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார். மூன்று வாரங்களில் கதிர் பட்ட இடத்து முடி கொட்டியது. வியன்னாவில் லியோபோல்ட் ஃபிராய்ண்ட் இச்செய்தியை வைத்து, முதுகு முழுவதும் முடி அடர்ந்த மச்சம் கொண்ட ஐந்து வயதுச் சிறுமிக்குக் கதிர் கொடுத்தார். முடி உதிர்ந்தது. பின்னர் அதே இடத்தில் ஆறாத புண் தோன்றியது.

அந்தப் புண்ணே போதுமான எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். விரைந்து பிரியும் செல்களை எக்ஸ் கதிர் கொல்லும். மயிர்க்கால் செல்கள் அத்தகையவை. ஆனால் முடியை என்றென்றைக்கும் அழிக்கும் அளவுக்கும் தோலைச் சிதைக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மேலும் சிதைவு உடனே தெரிவதில்லை. கதிர் வலிக்காது, சுடாது, வாடிக்கையாளர் புன்னகையுடன் வீடு திரும்புவார். விலை பத்து இருபது ஆண்டுகள் கழித்து வரும்.

1920களில் நியூயார்க் மருத்துவர் ஆல்பர்ட் கெய்சர் 'ட்ரைகோ' என்ற முறையை வணிகமாக்கினார். அமெரிக்காவின் பல நகரங்களில் அழகு நிலையங்கள் அக்கருவியை வாங்கின. மருத்துவப் பயிற்சி இல்லாதவர்கள் குறுகிய காலம் கற்று அதை இயக்கினர். பெண் ஒரு மரப்பெட்டியின் முன் அமர்ந்து, அதிலுள்ள திறப்பில் கன்னத்தையோ தாடையையோ வைப்பார். சில நிமிட ரீங்காரம், அவ்வளவுதான். மீண்டும் மீண்டும் பல அமர்வுகள். ஊசியில் ஓராண்டு துன்பப்பட்டதற்கு மாற்றாக இதைப் பார்த்தவர்களை அறியாமை என்று எள்ளி நகையாட முடியாது. தாடி போன்ற முடியுடன் வீதிக்கு வர வெட்கப்பட்டு வாழ்ந்த பெண்களுக்கு அறிவியலின் பெயரால், மருத்துவர் ஒருவரின் பெயரால், அது விற்கப்பட்டது.

தோல் சுருங்கி, வெளுத்த திட்டுகளும் சிவந்த நரம்புகளும் தோன்றின. பிறகு ஆறாத புண்கள், புற்றுநோய். 1929இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் பாதிக்கப்பட்டோர் குறித்து எச்சரித்தது. விரைவில் நிறுவனம் மூடப்பட்டது. ஆனால் வேறு பெயர்களில் பின்கட்டு நிலையங்கள் தொடர்ந்தன. முடி நீக்க எக்ஸ் கதிரைப் பயன்படுத்துவது ஆபத்து என்று 1947இலும் அதே இதழ் கட்டுரை வெளியிட வேண்டியிருந்தது. 1970வாக்கில் அமெரிக்க ஆய்வாளர்கள், பெண்களிடம் கண்ட கதிர்வீச்சுப் புற்றுநோய்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றுக்கு முடி நீக்கக் கதிரையே காரணமாகக் கூறினர்.

பத்து டாலர் களிம்பு

கதிரின் மோசடி வெளிப்பட்டுவந்த அதே நேரத்தில், 1930இல், 'கோரெம்லு' என்ற களிம்பு சந்தைக்கு வந்தது. ஒரு சிமிழ் 10 டாலர். பெருமந்தக் காலத்தில் அது பெருந்தொகை. அதன் வேதிப்பொருள் தாலியம் அசிட்டேட். எலி பாஷாணமாகப் பயன்பட்ட தாலியத்தின் உப்புகளை உட்கொண்டால் முடி கொட்டும் என்பதை மருத்துவர்கள் முன்பே அறிந்திருந்தனர். தலையில் படர்தாமரை வந்த குழந்தைகளுக்கு மருந்தாகக் கொடுத்துச் சாவுகளையும் கண்டிருந்தனர். தோலில் பூசிய தாலியம் இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் பரவும். மேலுதட்டில் பூசிய பெண்ணுக்குத் தலைமுடி கொட்டியது. கால்களில் தாங்க முடியாத வலி, நடக்க இயலாமை, பார்வைக் குறைவு ஆகியவை தொடர்ந்தன.

வழக்குகளில் கோரப்பட்ட இழப்பீடு 25 லட்சம் டாலரைத் தாண்டியது. 1932இல் நிறுவனம் திவாலானது. பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்க அதனிடம் சொத்து எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. அரசு ஏன் முன்பே தடுக்கவில்லை என்ற கேள்விக்கு விடை எளிது: 1906ஆம் ஆண்டுச் சட்டம் உணவையும் மருந்தையும் மட்டுமே கட்டுப்படுத்தியது. அழகுப் பொருளுக்குள் எலி பாஷாணம் வைத்து விற்பது சட்டமீறல் அன்று. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1933இல் இத்தகைய பொருள்களைத் தொகுத்து ஒரு கண்காட்சி அமைத்தது. செய்தியாளர்கள் அதைத் திகில் கூடம் என்று அழைத்தனர். அங்கு வைக்கப்பட்டவற்றில் கோரெம்லுவும் ஒன்று. அழகுப் பொருள்களையும் உள்ளடக்கிய சட்டம் 1938இல்தான் நிறைவேறியது.

லேசரும் ஒரு சொல்லும்

1983இல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் ஆகியோர், சரியான அலைநீளமும் மிகக் குறுகிய துடிப்பும் கொண்ட ஒளியால் தோலில் ஒரு நிறமியை மட்டும் தேர்ந்து சுட முடியும் என்று விளக்கினர். முடியின் மெலனின் ஒளியை விழுங்கிச் சூடாகி, சுற்றியுள்ள வேரைச் சிதைக்கிறது. ஊசி ஒவ்வொன்றாகச் செய்ததை லேசர் ஒரு சதுர அங்குலம் அளவில் செய்கிறது. 1990களின் நடுவில் அமெரிக்காவில் இதற்கான முதல் கருவிகளுக்கு ஒப்புதல் கிடைத்தது.

அந்த ஒப்புதலின் சொற்களைக் கவனிக்க வேண்டும். மின்னூசிக்கு 'நிரந்தர முடி நீக்கம்' என்று கூற அனுமதி உண்டு. லேசருக்கு அனுமதிக்கப்பட்ட சொல் 'நிரந்தர முடிக் குறைப்பு'. அதாவது ஒரு தொடர் சிகிச்சைக்குப் பின் மீண்டும் வளரும் முடிகளின் எண்ணிக்கை நெடுங்காலம் குறைந்தே இருக்கும். முற்றிலும் வளராது என்று பொருளல்ல. நம் ஊர் விளம்பரப் பலகைகளில் இந்த வேறுபாடு பெரும்பாலும் காணாமல் போகிறது.

தென்னிந்தியர், இலங்கைத் தமிழர் ஆகியோருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. முதலில் வந்த ரூபி லேசரின் அலைநீளம் 694 நானோமீட்டர். வெளிர் தோலில் கருமுடி உள்ளவர்களுக்கு அது பொருந்தியது. கருந்தோலிலோ தோலின் மெலனினே ஒளியை விழுங்கிவிடும். கொப்புளமும் கறுப்புத் திட்டும் வெண்திட்டும் ஏற்படலாம். 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட், 810 அளவிலான டையோடு, 1064 நானோமீட்டர் என்டி-யாக் என அலைநீளம் கூடக் கூட ஒளி ஆழமாகச் செல்கிறது. மெலனின் அதைக் குறைவாக விழுங்குகிறது. கருநிறத்தோர்க்கு என்டி-யாக் பாதுகாப்பானதாகக் கருதப்படுவது இதனால்தான். அதே காரணத்தால் மெல்லிய முடியில் அதன் பலன் குறைவு. எனவே எந்தக் கருவி என்று கேட்பது, எத்தனை அமர்வு என்று கேட்பதைவிட முக்கியமானது.

சிலருக்கு, குறிப்பாக முகத்தில், லேசருக்குப் பிறகு முன்பு இல்லாத இடத்தில் முடி கருத்து வளர்வதும் உண்டு. தெற்காசிய, மத்திய கிழக்குப் பெண்களிடம், அதிலும் இயக்குநீர்க் கோளாறு உள்ளவர்களிடம், இது கூடுதலாகக் காணப்படுகிறது. சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி உள்ளவர்களின் தாடை முடியைத் தோலில் மட்டும் பார்த்துத் தீர்க்க முடியாது. இயக்குநீர் சீராகாதவரை புதிய மயிர்க்கால்கள் விழித்துக்கொண்டே இருக்கும். லேசர் நிலையம் செல்வதற்கு முன் மருத்துவரைப் பார்ப்பது பணத்தையும் மிச்சப்படுத்தும்.

இடையே ஒரு மருந்தின் கதை. எஃப்ளோர்னிதைன் ஆப்பிரிக்கத் தூக்க நோயில் மயங்கிக் கிடந்தவர்களை மீட்டதால் உயிர்த்தெழ வைக்கும் மருந்து எனப் பெயர் பெற்றது. வாங்க வசதியற்றோரின் நோய் என்பதால் 1990களில் அதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. அதே பொருள் முகமுடியின் வளர்ச்சியை மெதுவாக்கும் என்று கண்டறியப்பட்டு, 2000இல் அமெரிக்காவில் பெண்களுக்கான கிரீமாக ஒப்புதல் பெற்றது. அழகுக்காகத் தயாரிக்க முடிகிறது, உயிருக்காக முடியவில்லையா என்ற கேள்வியை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் பிறரும் எழுப்பினர். 2001இல் உலக சுகாதார நிறுவனத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி தூக்க நோய்க்கான தயாரிப்பு மீண்டும் தொடங்கியது. கிரீமோ முடியை அகற்றுவதில்லை. பூசும்வரை வளர்ச்சியைத் தாமதப்படுத்துகிறது, விட்டால் சில வாரங்களில் பழைய நிலை.

மெலனின் இல்லாத முடியை லேசர் காண்பதில்லை. நரைத்த முடி எந்த அலைநீளத்துக்கும் அகப்படாது. மாதவிடாய் நின்ற பின் தாடையில் முளைக்கும் சில வெள்ளை முடிகளை நிலையாக நீக்க விரும்பும் பெண் இன்றும் ஊசிமுனையிடமே போகிறார்; ஒரு ஊசி, ஒரு முடி, சிறு வலி, 1875இல் மிஷெல் செய்தது போலவே.